ரொட்டிக்கல்லும் பிரேக்கும்: பதுளை மலைப்பாதையில் முதல்முறை வண்டி ஓட்டுகிறவர்களுக்கு

கொழும்பிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ முதன்முதலாகச் சொந்த வண்டியில் பதுளைக்குக் கிளம்புகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "வண்டி ஏற்றம் ஏறுமா?" ஏறும். இப்போதைய சின்னக் கார்கள்கூட ஆள், பொதியோடு அப்புத்தளை வரை ஏறிவிடும். மெதுவாக ஏறும், அவ்வளவுதான். ஏற முடியாத வண்டி வழியில் நின்றுவிடும். நின்ற வண்டியால் பெரிய ஆபத்தில்லை.

இறங்க முடியாத வண்டி நிற்காது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, "வண்டி இறங்குமா? எனக்கு இறக்கத் தெரியுமா?" என்பதுதான். சமவெளியில் பல வருடம் ஓட்டிப் பழகிய நல்ல சாரதிக்கும் இது புதுப் பாடம். அங்கே பிரேக் என்பது வண்டியை நிறுத்துவதற்கு. இங்கே நீண்ட நேரம் வண்டியைப் பிடித்து வைத்திருக்க வேண்டும்.

2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு, எல்ல–வெல்லவாய வீதியில் 24ஆம் கட்டைக்குப் பக்கத்தில், தங்காலை நகர சபை ஊழியர்கள் சுற்றுலா போய்த் திரும்பிய பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். அந்த இறக்கத்தில் பிழைக்கு இடமில்லை. அதில் இறங்கும் ஒவ்வொருவரும் சக்கரத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

உயரம் எங்கே போகிறது?

எல்ல நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,040 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வெல்லவாய 200 மீற்றர் அளவில். நடுவே 27 கிலோமீற்றர் சொச்சம். அந்தத் தூரத்துக்குள் வண்டி 800 மீற்றருக்கு மேல் இறங்குகிறது.

குடும்பத்தோடும் பொதிகளோடும் ஒரு வேன் 2,000 கிலோ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 800 மீற்றர் இறங்கும்போது அது விட்டுக்கொடுக்கும் சக்தி ஏறக்குறைய ஒன்றரைக் கோடி ஜூல். அந்தச் சக்தியால் சாதாரணக் குளிர்ந்த தண்ணீர் 50 லீற்றரைக் கொதிக்க வைத்துவிடலாம். 10 தொன் பஸ் என்றால் 250 லீற்றர். இதில் ஒரு பங்கைக் காற்றும் டயரின் உராய்வும் வாங்கிக்கொள்ளும். மிச்சம் முழுவதும் எங்கேயாவது சூடாக மாறித்தான் தீர வேண்டும். சாரதி பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், அந்தச் சூடு முழுவதும் சக்கரங்களுக்குள் இருக்கும் நான்கு இரும்புத் தட்டங்களுக்குள் போய்ச் சேர்கிறது.

அடுப்பில் இருக்கும் கல்

தேயிலைத் தோட்டத்து லயத்துச் சமையலறையில் காலையில் ரொட்டி சுடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? கவ்வாத்து வெட்டிய தேயிலை மிலாறு, அதாவது தேயிலைக் குச்சி, காய்ந்து கிடக்கும். அதை அடுப்பில் வைத்தால் குபுகுபுவென்று பற்றிக்கொள்ளும். முதல் ரொட்டி நிதானமாக வேகும். அதே தீயை அப்படியே விட்டால் மூன்றாவது ரொட்டிக்கு மேல்தோல் கருகிவிடும், உள்ளே மா பச்சையாக இருக்கும். மாவும் கையும் அதேதான். கல்லுக்குள் சூடு நுழையும் வேகத்துக்கு வெளியேறும் வேகம் ஈடுகொடுக்கவில்லை. சமைக்கிறவர் என்ன செய்கிறார்? மிலாறை வெளியே இழுத்துவிடுகிறார். கல்லுக்கு மூச்சுவிட நேரம் கொடுத்துவிட்டு அடுத்த ரொட்டியைப் போடுகிறார்.

பிரேக்கும் அதே கல்தான். மிதியை அழுத்துவது தீ மூட்டுவது. காலை எடுப்பது விறகை இழுப்பது. சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் அல்லது டிரம்தான் அடுப்பில் ஏறிய கல். அதை இறுகப் பிடிக்கும் பேட் அல்லது லைனர்தான் கல்லில் கிடக்கும் ரொட்டி. அதிகம் சுட்டால் முதலில் கருகுவது அதுதான். கனமான கல்லும் மெல்லிய கல்லும் சூட்டை வேறுவிதமாகத் தாங்குவதுபோல, தேய்ந்து மெலிந்த டிஸ்க் சீக்கிரம் கொதிக்கும்.

காலை மிதியிலேயே இலேசாக ஊன்றியபடி பத்து நிமிடம் இறங்குவது என்றால், விறகை ஒருமுறைகூட இழுக்காமல் பத்து நிமிடம் அடுப்பு எரிப்பது. "மெதுவாகத்தானே அழுத்தினேன்" என்று சாரதி நினைப்பார். சிறு தீயும் நேரம் போகப் போகக் கல்லைச் சிவக்க வைத்துவிடும்.

ஒரு வித்தியாசத்தை மறக்கக் கூடாது. அடுப்பங்கரையில் தீ கண்ணுக்குத் தெரிகிறது. வேண்டாமென்றால் கல்லையே இறக்கி வைத்துவிடலாம். சக்கரத்துக்குள் எரிவது தெரியாது. மலையின் நடுவில் நினைத்த இடத்திலெல்லாம் இறக்கத்தை நிறுத்தவும் முடியாது. ஆகவே தீயை ஆரம்பத்திலேயே அடக்கி வைப்பது ஒன்றுதான் வழி.

இரண்டு விதமாகக் கைவிடும்

சூடேறிய பிரேக் இரண்டு விதமாகக் கைவிடும். இரண்டுக்கும் காலில் உணர்வு வேறு.

முதலாவது, மிதி உறுதியாக இருக்கும், ஆனால் வண்டி பிடிக்காது. பேட்டில் உள்ள பசைப்பொருள் அளவுக்கு மீறிச் சுட்டதும் வாயுவை விட ஆரம்பிக்கும், உராய்வு குறையும். எவ்வளவு பலமாக மிதித்தாலும் சறுக்குவது போலிருக்கும். பின் சக்கரங்களில் டிரம் இருக்கும் வண்டிகளில், சூட்டில் டிரம் விரிந்து லைனரிடமிருந்து விலகியும் போகும். கருகிய வாடை பெரும்பாலும் இந்தக் கட்டத்துக்கு முன்பே வந்துவிடும். அந்த வாடைதான் உங்களுக்குக் கிடைக்கும் எச்சரிக்கை.

இரண்டாவது இன்னும் மோசம். மிதி பஞ்சுபோல் இறங்கி அடிவரை போய்விடும். இது பிரேக் ஒயில் கொதிப்பதால் வருவது. பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. புதிய டொட் 3 ஒயில் குறைந்தது 205 பாகை வரையும் டொட் 4 ஒயில் 230 பாகை வரையும் கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. அதில் 4 சதவீதத்துக்கும் குறைவான ஈரம் சேர்ந்தாலே டொட் 3க்குரிய எல்லை 140 பாகைக்கும், டொட் 4க்குரியது 155 பாகைக்கும் இறங்கிவிடுகிறது. சுட்ட கல்லில் தெளித்த தண்ணீர் சட்டென்று ஆவியாவதைப்போல, சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒயில் ஆவிக்குமிழாகிவிடுகிறது. திரவத்தை நசுக்க முடியாது, ஆவியை நசுக்கலாம். உங்கள் கால் கொடுக்கும் அழுத்தம் அந்தக் குமிழை நசுக்குவதிலேயே தீர்ந்துபோகும், சக்கரம் வரை போய்ச் சேராது.

அதனால்தான் பிரேக் ஒயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். கொழும்பு நெரிசலில் ஐந்து வருடப் பழைய ஒயிலோடும் வண்டி நன்றாகவே நிற்கும். அதன் குறை தெரிவது மலையில் மட்டும்தான்.

இரண்டாவது அடுப்பு

சூட்டைக் கல்லுக்கு முழுவதும் அனுப்பாமல், பாதித் தீயை இன்னோர் அடுப்புக்கு மாற்ற முடிந்தால்? வண்டியில் அப்படி ஓர் அடுப்பு ஏற்கெனவே இருக்கிறது. அதுதான் எஞ்சின்.

குறைந்த கியரில் போட்டு எக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. பெட்ரோல் எஞ்சின் மூடிய வாயிலூடாகக் காற்றை இழுக்கப் போராடுகிறது. அந்தப் போராட்டமே வண்டியை இழுத்துப் பிடிக்கிறது. அதனால் உண்டாகும் சூடு புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெளியேறிவிடும். நாள் முழுவதும் சூட்டை வெளியேற்றுவதற்கென்றே கட்டப்பட்ட இயந்திரம் எஞ்சின். டிஸ்குக்கு இருப்பதோ வீசும் காற்று மட்டும்தான். டீசல் எஞ்சினில் இந்தப் பிடி குறைவு. பஸ், லொறிகளில் எக்சோஸ்ட் பிரேக் தனியாக வைத்திருப்பது அதனால்தான்.

மலைநாட்டுச் சாரதிகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் விதி ஒன்று உண்டு: எந்தக் கியரில் ஏறுவாயோ, அதே கியரில் இறங்கு. இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். வேகம் கூடிய பிறகு குறைக்கப் போனால் கியர் விழாமல் நியூட்ரலில் மாட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு.

எஞ்சின் இரைச்சலைக் கேட்டுப் புதியவர்கள் பயப்படுகிறார்கள். மீற்றரில் சிவப்புக் கோட்டைத் தொடாத வரை அந்த இரைச்சலால் எஞ்சினுக்கு எந்தக் கெடுதலும் இல்லை. இரைச்சல் கேட்டால் அது வேலை செய்கிறது என்று நிம்மதியாக இருங்கள். பெட்ரோல் மிச்சம் பிடிக்கலாம் என்று நியூட்ரலில் விடுவதும் வீண். இன்றைய எஞ்சின்களில், கியரில் இருக்கும்போது எக்சிலேட்டரை விட்டால் எரிபொருள் வருவதே நின்றுவிடுகிறது. நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் எரிகிறது. சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குவது அதைவிடப் பெரிய ஆபத்து. பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் கிடைக்கும் உதவிச்சக்தி போய்விடும். இரண்டும் கல்லாகக் கனக்கும். முச்சக்கரவண்டிக்காரர்களுக்கும் இது பொருந்தும்: எஞ்சின் ஓடட்டும், கியர் விழுந்திருக்கட்டும்.

ஓட்டோ கியர் வண்டியில் 'டி'யிலேயே இறங்காதீர்கள். 'எல்', 'எஸ்', '2' என்று எது இருக்கிறதோ அதற்கு மாற்றுங்கள். ஹைபிரிட் வண்டியில் 'பி' (B) என்று இருக்கும். ஹைபிரிட்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இறங்கும்போது மோட்டார் மின்சாரம் உற்பத்திசெய்து பற்றரிக்கு அனுப்புவதால் வண்டி இலகுவாகப் பிடிபடும். நீண்ட இறக்கத்தில் பற்றரி நிறைந்துவிட்டால் அந்தப் பிடி நின்றுபோய், சுமை முழுவதும் சாதாரண பிரேக்குக்கு வந்துவிடும். 'பி'யில் இருந்தால் எஞ்சின் சுமையில் பங்கெடுத்துக்கொள்ளும். எஞ்சின் திடீரென்று இரைந்தால் பழுது என்று எண்ண வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் வேகம் கூடினால் பிரேக் தேவைப்படும். அப்போது ஒருமுறை உறுதியாக மிதித்து வேகத்தை நன்றாகக் குறையுங்கள். பிறகு காலை முழுவதும் எடுத்துவிடுங்கள். வேகம் மறுபடி கூடும்போது மறுபடி ஒருமுறை. விறகை இழுத்து, கல்லுக்கு மூச்சுவிட நேரம் கொடுக்கும் அதே முறை. வேகம் இரு மடங்கானால் அடக்க வேண்டிய சக்தி நான்கு மடங்காகும் என்பதையும் நினைவில் வையுங்கள். 30இல் இறங்குகிறவருக்கு இருக்கும் இடைவெளி 60இல் இறங்குகிறவருக்கு இல்லை.

வழியில் எங்கே என்ன?

கொழும்பிலிருந்து ஏ4 வீதி இரத்தினபுரி, பலாங்கொடை, பெலிகுல்ஓயா, ஹல்துமுல்ல வழியாகப் பெரகல வரை ஏறுகிறது. பெரகலயில் பாதை பிரியும். ஒன்று கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்கும். மற்றது ஏ16, அப்புத்தளைக்கு ஏறும். அப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேலே. அங்கிருந்து பண்டாரவளை, ஹாலிஎல, பதுளை. பதுளை 700 மீற்றரைவிடக் கொஞ்சம் தாழ்வு. ஆகவே அப்புத்தளைக்கும் பதுளைக்கும் இடையிலும் இறக்கம் பெரிதுதான். அது நீண்ட தூரத்தில் பரவிக் கிடப்பதால் உறைப்பதில்லை.

போகும்போது பெரகலவரை எல்லாம் ஏற்றம். அப்போது உஷ்ணமானி முள் மேலே போனால் ஏசியை அணைத்து, அகலமான இடத்தில் ஓரங்கட்டி எஞ்சினை ஆறவிடுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது. உண்மையான சோதனை திரும்பி வரும்போதுதான். அப்புத்தளையிலிருந்து பெரகல, ஹல்துமுல்ல, பெலிகுல்ஓயா என்று எல்லாம் இறக்கம். வெலிமடை மரக்கறியும் உறவுக்காரர் கட்டிக் கொடுத்த மூட்டைகளும் ஏறியிருக்கும். உடம்பு களைத்திருக்கும். இருட்டுவதற்குள் போய்விட வேண்டும் என்ற அவசரமும் இருக்கும். திரும்பும் பயணத்தைக் காலையிலேயே வையுங்கள்.

எல்லயிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்குகிறவர்கள் இராவணா எல்ல நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்தில் எப்படியும் வண்டியை நிறுத்துவார்கள். சனம் கூடும் இடம், நெரிசலும் இருக்கும். இடம் பார்த்து நிறுத்தி, பிரேக்கையும் ஆறவிட்டுப் போகலாம். மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் மலை நெடுஞ்சாலைகளின் ஓரத்தில், பிரேக் போன லொறி ஓடிப்போய்ப் புதைந்து நிற்பதற்கென்று சரளைக்கல் நிரப்பிய தளங்கள் உண்டு. பதுளை அடங்கிய ஊவா மாகாணத்தின் ஒடுங்கிய வீதிகளில் அப்படியொன்றை எதிர்பார்த்து ஓட்ட முடியாது. இங்கே ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம்.

ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி இடம் விட வேண்டும் என்பது மலைப்பாதையின் மரியாதை. ஏற்றத்தில் நின்ற வண்டியைத் திரும்பக் கிளப்புவது கஷ்டம். வளைவுக்கு முன் ஹோன் அடியுங்கள். மூடுபனியில் பெரிய லைட்டைப் போட்டால் வெண்மைதான் கண்ணை மறைக்கும், டிம்மில் வையுங்கள்.

கிளம்பும் முன்

கராஜில் மூன்று விடயங்களைக் கேளுங்கள். பேட், லைனர் எவ்வளவு மிச்சம்? டிஸ்க், டிரம் தேய்மானம் என்ன? பிரேக் ஒயில் கடைசியாக எப்போது மாற்றியது? மூன்றாவதற்குப் பதில் தெரியவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். ஹேண்ட் பிரேக் ஏற்றத்தில் பிடிக்கிறதா என்று பாருங்கள். டயர் பொத்தல், வைப்பர் ரப்பர், கூலன்ட் அளவு, உதிரி டயரின் காற்று எல்லாவற்றையும் பாருங்கள். சக்கரத்துக்கு அண்டை கொடுக்க இரண்டு மரக்கட்டைகளை வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.

காலநிலையும் ஆயத்தத்தில் ஒரு பகுதி. ஊவாவுக்குப் பெருமழை ஒக்டோபர் முதல் ஜனவரி வரை. ஜூலை முதல் செப்டெம்பர் வரை உலர்ந்த காற்று வீசும் காலம். பெயர்பெற்ற ஊவாத் தேயிலையின் பருவமும் அதுதான். முதல் பயணத்துக்கு அந்தக் காலமே நல்லது. மழைக்காலத்தில் வருவதானால், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது. மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படிகள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களையே மூடியது மண்சரிவு. 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி பதுளை மாவட்டத்து வீதிகள் பலவற்றை அறுத்தது. மண் முழுக்கச் சரியாவிட்டாலும் ஒரு பாறை போதும். 2021 மார்ச் 20ஆம் திகதி பசறை 13ஆம் கட்டையில் பஸ் விழுந்தது, பாறை விழுந்து வீதி ஒடுங்கியிருந்த இடத்தில்தான். வளைவுக்கு அப்பால் பாதி வீதிதான் இருக்கும் என்று எண்ணியே எப்போதும் திரும்புங்கள்.

119 பொலிஸ், 1990 சுவசெரிய அம்புலன்ஸ், 117 அனர்த்த முகாமைத்துவம். இந்த மூன்று இலக்கங்களையும் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்குகளில் சிக்னல் அறுந்துபோகும்.

தோட்டத்து ரோட்டில்

போன் காட்டும் குறுக்குவழி உங்களைத் தோட்டத்து ரோட்டுக்குள் கொண்டுபோய்விடலாம். நமுனுகுல, மடுல்சீமை, பூனாகலைப் பக்கம் இது சாதாரணம். ஒரு வண்டி போகும் அகலம்தான் இருக்கும். எதிரே வண்டி வந்தால் ஓரங்கட்டத் தோன்றும். அங்கேதான் கவனம். ரோட்டின் உட்பக்கம் மழைத்தண்ணீர் ஓடும் கான் இருக்கும். மேலே புல் படர்ந்து சமதரைபோலத் தெரியும். சக்கரத்தை வைத்தால் முழங்கால் ஆழம் இறங்கிவிடும். துணைக்கு வந்தவரை இறக்கிவிட்டு, காலால் புல்லை விலக்கிப் பார்க்கச் சொல்லிவிட்டு ஒதுங்குங்கள்.

போவதற்கு முன் கேளுங்கள். "ஐயா, இந்த ரோட்டுல வேன் போகுமா?" என்றால், "போகும் தம்பி, ஆனா மழை வந்தா இறங்காதீங்க. இப்ப கொழுந்து லொறி வர்ற நேரம், அது போனதும் போங்க" என்று சொல்ல ஆள் இருப்பார்கள். எந்தப் போனும் தராத தகவல் அது. அந்த ரோடு அவர்களுக்கு முற்றமும்தான். கொழுந்து மூட்டையோடு அக்காமார் நடப்பார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாகப் போவார்கள். நடைபாதை கிடையாது. நடக்கும் வேகத்துக்கு இறங்கி வாருங்கள். உங்கள் பிரேக் உங்களை மட்டும் காப்பாற்றினால் போதாது.

வாடை வந்தால்

கருகிய வாடை வந்தாலோ மிதி பஞ்சுபோலானாலோ, இன்னும் கொஞ்சத் தூரம்தானே என்று ஓட்டாதீர்கள். கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, அகலமான இடத்தில் நிறுத்துங்கள். கியரிலோ 'பி' (P) பார்க்கிலோ விட்டு, சக்கரத்துக்கு மரக்கட்டையை அண்டை கொடுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது. சுட்ட இரும்பு திடீரென்று குளிர்ந்தால் வளைந்தோ வெடித்தோ போகும். தானாக ஆற அரை மணி, ஒரு மணி நேரம் எடுத்தாலும் எடுக்கட்டும். ஆறிய பிறகும் மிதி பஞ்சுபோலவே இருந்தால், கராஜ்காரர் பார்க்கும்வரை வண்டியை அசைக்க வேண்டாம்.

எல்ல–வெல்லவாய இறக்கத்தை முதல் பாடமாக எடுக்காதீர்கள். முதலில் பண்டாரவளையிலிருந்து ஹாலிஎல வரை இறங்கிப் பாருங்கள். ஹாலிஎலயில் நிறுத்தி, சக்கரத்தைத் தொடாமல், உள்ளங்கையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். அனல் முகத்தில் அடிப்பதுபோல் இருந்தால் வண்டியை இறக்கியது உங்கள் கால். மறுநாள் இன்னும் ஒரு கியர் குறைத்து அதே இறக்கத்தில் இறங்குங்கள். இலேசான சூடு மட்டும் இருந்தால் வண்டியை இறக்கியது எஞ்சின். வெல்லவாயப் பக்கம் நீங்கள் தாராளமாகப் போகலாம்.